கல்சிப்பி உப்பும் கல்லங்குறிச்சிப் புளிச்சோறும்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினேன். தோள்பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, என் மனைவி சுகந்தி கொடுத்தனுப்பிய நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: "செல்வியின் புளிச்சோறு. அளவோடு எழுதி வரவும். கதை வேண்டாம்." ஊர் ஊராகச் சுற்றி வந்து நான் எழுதுகிற கட்டுரைகளில் சாப்பிட்டேன், சாப்பிட்டேன் என்று இருக்குமே தவிர, எப்படிச் செய்வது என்று ஒரு வரி இருக்காது என்பது அவளுடைய நெடுநாள் குறை. நியாயமான குறைதான். எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் நாக்கைப் பற்றிப் பெருமை உண்டு. சாம்பாரை வாயில் வைத்ததுமே உப்பு எத்தனை கல் குறைகிறது என்று சொல்லிவிடுவேன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்கிற ஆள் நான். அந்த நாக்கு இந்த மூன்று நாளில் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன்.

செல்வி என் ஒரே தங்கை. நாங்கள் பிறந்தது லால்குடி பக்கம். அவளை அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை குமரேசன் விவசாயம்; கொஞ்சம் நெல், கொஞ்சம் முந்திரி. நாலு வருடத்துக்கு முன்பு ஒரு காய்ச்சலில் செல்விக்கு வாசனை தெரியாமல் போயிற்று. பத்து நாளில் வரும் என்றார்கள், மூன்று மாதம் என்றார்கள், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நாக்கிலும் பாதி போய்விட்டது. உப்பு என்றால் உப்பு என்று தெரியும், எவ்வளவு உப்பு என்று தெரியாது.

அந்த வீட்டில் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பமும் ஒரு வேனில் ஏறிக் கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்கப் போவார்கள். கட்டுச்சோறு வீட்டிலிருந்து போகும். காய்ச்சலுக்கு முன்பெல்லாம் அதைச் சமைத்தவள் செல்வி. பிறகு அவளுடைய ஓரகத்தி, அதாவது குமரேசனின் அண்ணன் மனைவி தாமரை, அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். செல்விக்குக் காய் நறுக்குகிற வேலை மிச்சமானது. இந்த வருடம் மாமியாரிடம் அவளே போய்க் கேட்டிருக்கிறாள், நான் ஒருத்தியே ஆக்குகிறேன் என்று. மாமியார் யோசித்துவிட்டு ஒரு முடிவு சொல்லியிருக்கிறார். சரியாக வந்தால் இனி அவள் பொறுப்பு. வராவிட்டால், தாமரைக்கும் முடியவில்லை, அடுத்த வருடத்திலிருந்து அரியலூரில் ஒரு சமையல்காரரிடம் சொல்லிவிடலாம். போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டுச் செல்வி, "நீ வந்து சாப்புடுண்ணே," என்றாள். போகாமல் இருக்க முடியுமா?

காலை ஒன்பதே காலுக்குத் திருச்சி. அங்கிருந்து நேராக அரியலூருக்கு ரயில் இருக்கிறது. நான் பெரம்பலூர் பஸ் ஏறியதற்குக் காரணம் சின்ன வெங்காயம். "பாடாலூர்ல எறங்கி ரெண்டு கிலோ வாங்கிட்டு வா. அந்தப் பக்கத்து வெங்காயந்தான் கொழம்புல கரையாம நிக்கும்," என்பது உத்தரவு. பத்தரைக்குப் பாடாலூரில் இறங்கினேன். நாற்கரச் சாலையின் ஓரத்தில் தார்ப்பாய் விரித்துச் செம்மண் ஒட்டின வெங்காயத்தைக் குவித்து வைத்திருந்தார்கள். கிலோ நாற்பத்தைந்து. விற்ற அம்மாள் ஒரு வெங்காயத்தைக் காதருகே வைத்துத் தோலைக் கசக்கிக் காட்டினார். "சத்தம் கேக்குதுங்களா? இப்புடிச் சரசரன்னா நல்லா காஞ்ச காயி. ஆறு மாசம் வெச்சுக்குங்க." காதால் வெங்காயம் வாங்கலாம் என்பது எனக்குப் புதிது. அன்று முழுக்க அதே பாடம்தான் நடக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். பன்னிரண்டே காலுக்கு அரியலூர் பஸ். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் பாதி தூரம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். மரத்து இலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் லாரிப் பட்டறை வைத்திருப்பவராம். சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

"இதெல்லாம் ஒரு காலத்துல கடல் சார்."

"படித்திருக்கிறேன்," என்றேன்.

"படிக்கிறது இருக்கட்டும். எங்க வூட்டுக் கெணறு வெட்டுனப்ப முப்பதடியில சங்கு கெடச்சுது. கல்லுச் சங்கு. எம்பொண்ணு அத டிவி மேல வெச்சிருக்கா."

இதை அவர் மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் வாயைப் பிளந்தேன். மனிதன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு செத்த சங்கு ஒன்று அரியலூரில் டிவி மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மதுரையில் டிவி மேல் பிளாஸ்டிக் பூதான் வைக்கிறோம்.

அரியலூரில் பஸ் மாறி விக்கிரமங்கலம் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. குமரேசன் பைக்கோடு நின்றிருந்தார். "வாங்க மச்சான். சாப்புடாம வந்தீங்கள்ல? இல்லன்னா என்னத்தான் திட்டுவா," என்றபடி வெங்காயப் பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்துகொண்டு அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும். தினமும் எந்த வீட்டிலும் செய்கிற சமையல். அதை நான் ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தேன்.

வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு போட்டாள். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். வெடிப்பு ஓய்ந்து கடைசிக் கடுகு தனியாக ஒன்று வெடித்ததும் வெந்தயம். வெந்தயம் சிவந்ததும் உரித்த வெங்காயம் இரண்டு கை, பூண்டு ஒரு கை. வெங்காயத்தைக் கரண்டியால் லேசாக அழுத்திப் பார்த்தாள். விறைப்பில்லாமல் அமுங்கியதும் குழம்புத் தூளைப் போட்டுப் புளித்தண்ணீர் ஊற்றினாள். இந்த இடத்தில் நம் சமையல் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரு வரி வரும், பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடவும் என்று. என் கை அதை எழுதவே போய்விட்டது.

"அத எழுதாதண்ணே," என்றாள் செல்வி. "எனக்கு அந்த வரியே கெடையாது. இங்க பாரு. மொதல்ல கொமுளி சின்னச் சின்னதா அவசரமா வருதா? அப்ப பச்சையா இருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நேரங்கழிச்சுப் பெருசா வந்து, மெதுவா ஒடையும். ஓரத்துல எண்ணெ வளையமா நிக்கும். அதான் போச்சுன்னு அர்த்தம்."

நான் குனிந்து குழம்பை முகர்ந்துகொண்டே பார்த்தேன். அவள் சொன்னபடி குமிழி பெரிதாகி நிதானப்பட்ட அந்த நிமிடத்தில்தான் பச்சை வாசனை போயிற்று. ஐம்பது வருடமாகக் குழம்பு சாப்பிடுகிறேன், ஒரு நாளும் அதன் குமிழியைப் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிலிர்க்கத்தான் செய்தது.

அப்புறம் உப்பு ஜாடியைத் திறந்தாள். உள்ளே கரண்டி இல்லை. உள்ளங்கையில் பாதிக்கு இருக்கும், குழிவாக, சாம்பல் நிறத்தில் ஒரு சிப்பி. எடுத்துப் பார்த்தால் கனமாக இருந்தது. சிப்பி இல்லை, கல். சிப்பியாக இருந்து கல்லானது.

"கல்லங்குறிச்சிக்குப் போறப்ப ரோட்டோரம் கல்லு கொட்டிக் கெடந்துச்சு. அதுல கெடச்சுது. காய்ச்சல் வந்த வருசம்," என்றாள். "அதுக்கு மின்ன நான் உப்ப அளந்ததே இல்ல. கைதான். அதுக்கப்பறம் கை பொய் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. ஒரு நா ரெண்டு தடவ போட்டுடுவேன், ஒரு நா போடவே மாட்டேன். புள்ளைங்க ஒண்ணும் சொல்லாம சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போவுங்க. அதாண்ணே ரொம்ப வலிச்சுது. அப்பறந்தான் இத வெச்சு அளந்து அளந்து, எதுக்கு எத்தன சிப்பின்னு கண்டுபுடிச்சேன். தல தட்டி ஒரு சிப்பி. கோபுரமா எடுக்கக் கூடாது."

தயிர் புளித்ததா என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்வாள். பாலுக்கு உறை ஊற்றிய நேரம் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. மல்லி வறுபட்டதா என்பதற்கு வாணலியைக் குலுக்கிச் சத்தம் கேட்பாள். சிலிண்டரைத் தினமும் குமரேசன் பார்த்து மூடுகிறார், சன்னலை அவள் மூடுவதே இல்லை. நாலு வருடமாக ஒருத்தி தனியாக உட்கார்ந்து சமையலை முதலிலிருந்து படித்திருக்கிறாள். எங்களில் யாரும் அவளிடம் எப்படிச் சமைக்கிறாய் என்று கேட்டதில்லை. மூக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டிருக்கிறோம்.

குழம்பு எப்படி இருந்தது? சோற்றில் பிசைந்து முதல் கவளம் வாயில் போட்டபோது குறை சொல்ல ஓர் இடம் தேடினேன். கிடைக்கவில்லை.

சாப்பிடுவதற்கு முன்பே மறுநாளைக்கான புளிக்காய்ச்சலும் பொடியும் தயாராகிவிட்டன. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு படி அரிசிக்கு நானூறு கிராம் பழைய புளி, அரை லிட்டர் நல்லெண்ணெய். காய்ச்சலில் கடலைப்பருப்பு, வேர்க்கடலை, கிள்ளிய மிளகாய், மஞ்சள்தூள், பெருங்காயம். பொடிக்கு மல்லி, எள், வெந்தயம், மிளகாய். இடையில் சுகந்தி போன் செய்தாள். ஒரு காதில் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுதுவதை எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏன் செல்வி, இந்த நாள் பார்த்தா கேட்டாய்? ஒரு பொங்கல், தீபாவளி என்று ஆரம்பித்திருக்கலாமே?" என்றேன். இருபத்தைந்து பேருக்கு, அதுவும் சாமிக்கு, என்று எனக்கு உள்ளூர உதறல்.

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பெருமாளுக்கு ஆக்குறத மின்னாடியே யாரும் வாயில வெக்கக் கூடாது. மோந்துகூடப் பாக்கக் கூடாது. அத்த அதுல ரொம்பக் கண்டிப்பு. அன்னிக்கு ஒரு நா மட்டும் இந்த வூட்ல எல்லாருமே என்ன மாரிதாண்ணே. அதான் அன்னிக்குக் கேட்டேன்."

நோட்டை மூடிவைத்தேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணி. நான் குளித்துவிட்டு வரும்போது செல்வி தலைமுடியை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு சோறு வடித்திருந்தாள். பெரிய தாம்பாளத்தில் இரண்டு படிச் சோற்றைப் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றிப் புளிக்காய்ச்சலைப் போட்டு அடியிலிருந்து புரட்டினாள். ஒரு பருக்கைகூட உடையவில்லை. தயிர்ச்சோற்றுக்கு ஒன்றரைப் படி வெள்ளைச்சோறு தனிப் பாத்திரத்தில் இருந்தது. அதில் உப்பும் தயிரும் சாப்பிடும் இடத்தில்தான் சேரும், வீட்டிலேயே கலந்தால் வெயிலில் புளித்துவிடும் என்று முதல் நாளே எழுதியிருந்தேன். "எல அறுத்துட்டு வந்துடுறேன், அதுக்குள்ள ஆறட்டும்," என்று அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அடுப்படியில் நானும் தாம்பாளமும்தான்.

இனி நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனம் பூரா அவளைப் பற்றிய கவலை. எல்லாம் கணக்குப்படி போட்டிருப்பாள், சரி. எங்கேயாவது ஒரு சிப்பி தவறியிருந்தால்? மூன்று குடும்பமும் முகத்தைச் சுளித்தால்? இந்த ஒரு நாளுக்காக நாலு வருடம் உழைத்தவள். அண்ணன் என்று ஒருத்தன் இருந்து என்ன பயன், அதுவும் இப்படி ஒரு நாக்கை வைத்துக்கொண்டு? சாமி குற்றம் என்று தெரியும். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, நாலு பருக்கையைக் கிள்ளி வாயில் போட்டேன்.

உப்பு பாதிதான் இருந்தது. சந்தேகமே இல்லை, சரிபாதி. கொல்லைப்பக்கம் பார்த்தேன், அவள் இன்னும் வாழைமரத்தடியில்தான் இருந்தாள். உப்பு ஜாடியைத் திறந்து, தலை தட்டி இரண்டு சிப்பி எடுத்துத் தாம்பாளம் முழுக்கத் தூவி ஒரு புரட்டுப் புரட்டினேன். தங்கையைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வாசலில் போய் உட்கார்ந்தேன். அவள் இலைக்கட்டோடு வந்து, டப்பாவில் இருந்த பொடியைச் சோற்றில் கொட்டிக் கலந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஏழரைக்கு வேன் வந்தது. இருபத்தைந்து பேர், மூன்று தூக்குப் பாத்திரம், சுண்டல் சட்டி, இலைக்கட்டு. செல்வி புளிச்சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தாமரை அவள் தோளில் கை வைத்து, "பயப்படாத, நல்லாதான் வந்திருக்கும்," என்றாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "வண்டிக்குள்ள ஏறுனதுலேருந்து பசிக்குதுங்க. புளிச்சோறு மணக்குது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள், அந்த மணம் அவளுக்கு மட்டும் வரவில்லை.

அரியலூரைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் கல்லங்குறிச்சி. எட்டே முக்காலுக்கே கூட்டம். இங்கே மூலவர் ஒரு கல் கம்பம். சிலை எல்லாம் அப்புறம்தான், கம்பம்தான் பெருமாள். விளைந்த நெல், சோளம், மிளகாய் என்று மூட்டையோடு வந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெரியவர் கன்றுக்குட்டியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். கம்பத்துக்கு முன்னால் நின்றபோது நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. செல்வி கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

பத்தரை மணிக்குக் கோயிலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்தோம். சுற்றிலும் எங்களைப்போலவே நூறு குடும்பங்கள் தூக்குப் பாத்திரங்களைத் திறந்துகொண்டிருந்தன. எலுமிச்சை, புளி, தேங்காய், கொத்தமல்லி எல்லாம் கலந்து ஒரு மணம் காற்றில் நின்றது. மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரு சிறிய இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துக் கோபுரத்தைப் பார்த்துக் கற்பூரம் காட்டினார். பிறகு எல்லோருக்கும் இலை போடப்பட்டது. செல்வி பரிமாறிவிட்டு, தான் உட்காராமல், மரத்தில் சாய்ந்து நின்று முகங்களைப் பார்த்தாள். அவளால் ருசியை அங்கேதான் பார்க்க முடியும்.

முதல் கவளம் உள்ளே போனது. ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. இன்னொன்றும் கேட்டது. நான் வாயில் வைத்தேன். கரித்தது. கொஞ்சநஞ்சமில்லை, தொண்டையில் இறங்க மறுத்தது.

"கூடிடுச்சா?" என்றாள் செல்வி.

குமரேசன் குனிந்தபடியே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, லேசா," என்றார். தாமரை சுண்டலை எடுத்துக்கொண்டாள். அத்தை அடுத்த கவளத்தை உருட்டினார். குழந்தைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டன, அதுதான் அவளுக்கு வலிக்கும் என்று முதல் நாள் சொல்லியிருந்தாள்.

செல்வி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். "காய்ச்சலுக்கு ரெண்டு. பொடிக்கு ரெண்டு. தல தட்டித்தான எடுத்தேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாவது முறையும் எண்ணினாள்.

பொடிக்கு இரண்டு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: "பொடி. மல்லி, எள், வெந்தயம், மிளகாய், உப்பு 2 சிப்பி." போனில் பேசிக்கொண்டே எழுதியிருக்கிறேன். காலையில் பொடி சேராத சோற்றைத் தின்று பார்த்துவிட்டு, பாதி உப்பு குறைகிறது என்று தீர்ப்புச் சொன்ன நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மீதிப் பாதி டப்பாவில் இருந்தது.

உடனே எழுந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இன்னும் மூன்று கவளம் விழுங்கினேன். சாமிக்கு முன்னால் வாயில் வைத்தேன் என்று இத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? சம்பந்தி வீடு. மானம் போய்விடும். தனியாகக் கூப்பிட்டுச் செல்வியிடம் மட்டும் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அவள் அத்தையிடம் குனிந்து, "அடுத்த வருசம் அந்தச் சமையக்காரருகிட்டயே சொல்லிடலாம் அத்த. எனக்குக் கணக்கு நிக்க மாட்டேங்குது," என்றாள்.

அதைக் கேட்டபிறகு உட்கார முடியவில்லை.

"உப்பை நான் போட்டேன்," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "காலையில் அவள் இலை அறுக்கப் போனபோது, எடுத்துத் தின்று பார்த்தேன். குறைவாக இருக்கிறது என்று நானாக அள்ளிப் போட்டேன். பொடியில் உப்பு இருப்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன்."

அத்தை கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார். "பெருமாளுக்கு முந்தி நீங்க சாப்புட்டாச்சு," என்றார்.

"ஆமாம் அத்தை."

எனக்கு அத்தை பக்கம் திரும்பத் தைரியம் இல்லை, செல்வியைப் பார்த்தேன். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தன சிப்பி?"

"இரண்டு."

"கோபுரமாவா, தல தட்டியா?"

"தலை தட்டித்தான். நீ சொன்னாயே என்று."

அவள் முகம் மலர்ந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "அப்ப என் கணக்கு சரிதான்," என்றாள். "நாலுதான் போட்டிருக்கேன். நாலேதான்." கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல் எழுந்தாள். "ரெண்டு படிக்கு நாலு. இப்ப ஆறு கெடக்கு. ஆறு சிப்பிக்கு மூணு படி சோறு வேணும். ஒரு படி கொறையுது, அவ்ளோதான்."

தயிர்ச்சோற்றுக்கு வைத்திருந்த உப்பில்லாத வெள்ளைச்சோற்றின் மூடியைத் திறந்தாள். ஒன்றரைப் படியில் அரைப் படியையும், ஏற்கெனவே இலைகளில் போன புளிச்சோற்றுக்கு ஈடாக இன்னும் கொஞ்சத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் புளிச்சோற்றில் கொட்டி, கூடவே கொண்டுவந்திருந்த நல்லெண்ணெயை விட்டு, அடியிலிருந்து புரட்டினாள். நாலைந்து புரட்டு. பக்கத்து ஜமுக்காளத்துக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஒரு கை எடுத்து முதலில் என் இலையில் வைத்தாள்.

"இப்ப சொல்லுண்ணே. ஒன் நாக்கத்தான் ஊரே மெச்சுதே."

வாயில் வைத்தேன். புளிப்பு ஒரு சுற்று இறங்கியிருந்தது, காரமும்தான். உப்பு, நிறுத்துவைத்ததுபோல நின்றது. ஒரு கல் கூடவும் இல்லை, ஒரு கல் குறையவும் இல்லை. வாசனை தெரியாத, ருசி மங்கிப்போன ஒருத்தி, வெயிலில் நின்றுகொண்டு, விரல் மடக்கிக் கணக்குப் போட்டு இதைச் செய்திருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது போதவில்லை, சுற்றிலும் முகங்களைப் பார்த்தாள். ஒரு குழந்தை இலையை நீட்டி இன்னும் கேட்டது. டிரைவர் மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். தயிர்ச்சோறு ஆளுக்கு ஒரு கவளம்தான் வந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

கை கழுவியதும் அத்தை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கோபுரத்தப் பாத்துக் கன்னத்துல போட்டுக்குங்க." போட்டுக்கொண்டேன். "இன்னொரு தடவ." மறுபடி போட்டுக்கொண்டேன். பிறகு செல்வியிடம் திரும்பி, பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னார். "வருசா வருசம் நீயே ஆக்கு. ஒங்கண்ணன மட்டும் அடுப்படிக்குள்ள விட்டுடாத."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு விக்கிரமங்கலத்தில் பஸ் ஏறினேன். குமரேசன் இருக்கை பிடித்துக் கொடுத்தார். செல்வி சன்னல் வழியாக வாழை இலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். "தயிர்ச்சோறு. பால் நெறைய ஊத்திப் பெசஞ்சிருக்கேன், பதினோரு மணி வரைக்கும் புளிக்காது. நேத்துதான் ஒனக்குச் சரியா கெடைக்கலியே."

இந்த முறை அரியலூரிலிருந்து ரயில். கூட்டமில்லை. வெள்ளைத் தூசி படிந்த மரங்களும், தோண்டிய பள்ளங்களில் பச்சையாகத் தேங்கிய தண்ணீரும் பின்னால் போயின. மடியில் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு சுகந்தியை நினைத்தேன். "உப்பு 2 சிப்பி" என்றால் மதுரையில் அவள் எதைக்கொண்டு அளப்பாள்? எங்கள் வீட்டில் அவள் குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள், நான் கூடத்திலிருந்தே உப்பில்லை என்று கத்துவேன். இருபத்தாறு வருடமாக இதுதான் எங்கள் சமையல். ஒரு நாளாவது போய்ப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

பத்து மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை வெளேரென்று தயிர்ச்சோறு, நடுவில் ஒரு மாங்காய்த் துண்டு. ஓரத்தில் காகிதத்தில் மடித்த சிறு பொட்டணம். பிரித்தால் உப்பு. காகிதத்தில் அவள் கையெழுத்து: "உப்பு போடல. நீயே பாத்துப் போட்டுக்க."

ரயிலில் தனியாகச் சிரித்தேன். பாதிச் சோற்றில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. இன்னொரு சிட்டிகை. இன்னும் போதவில்லை. மூன்றாவது கொஞ்சம் தாராளமாக விழுந்து கரித்தது. கையிலிருந்த சோற்றை ஓரத்தில் இருந்த உப்பில்லாத சோற்றோடு சேர்த்துப் பிசைந்தேன். நாலாவது முறைதான் சரியாக வந்தது. நாக்கு நன்றாக இருக்கிற எனக்கு, ஒரு பொட்டலம் சோற்றுக்கு.